போன மணி

14 அக்டோபர் 2025, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். அட்டெண்டர் பதிவேட்டில், பக்கம் 112, ஆறாவது வரிசையில், 'போன மணி' என்ற கட்டத்தில் 2.10 என்று எழுதினேன். அது சரியான நேரமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று சொன்னார்கள், எழுதினேன்.

இந்தக் கதை அந்தக் கட்டத்திலிருந்துதான் வந்தது. அதை மறைத்துவிட்டு வேறு மாதிரி தொடங்க முடியுமா என்று மூன்று தடவை பார்த்தேன். அடித்தவற்றை இங்கேயே விட்டுவைக்கிறேன். பதிவேட்டுப் பழக்கம். அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1

(அ) பொன்னுரங்கத்துக்குக் கண் தெரியாது, ஆனால் அவருடைய

[வேண்டாம். இந்த 'ஆனால்' என்னைப் பொய்க்கு இழுத்துப் போகும்.]

(ஆ) நாய்களுக்கு நாம் மனிதர்களின் பெயரை வைப்பதில் ஒரு

[கட்டுரை. வகுப்பில் ஏழு மதிப்பெண் கிடைக்கும்.]

(இ) அந்த நாயை நான் ஒருமுறைகூட முழுதாகப் பார்த்ததில்லை.

[இது உண்மை. இதிலிருந்து போகிறேன்.]

2

என் பெயர் இளமதி. கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. வீடு சிதம்பரத்தில். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்குச் சிதம்பரத்தில் 'அலுவல் தமிழ்' பட்டய வகுப்பு. செந்தமிழ்செல்வன் ஐயா நடத்துகிறார். வகுப்புக்குப் போகும் பஸ்ஸில்தான் நாட்குறிப்பு எழுதுகிறேன். குடிகாடு தாண்டி, செம்மங்குப்பத்தில் ரசாயன ஆலை நெடிக்கு எல்லோரும் ஜன்னலை மூடும்போது நானும் மூடுவேன். ஆலப்பாக்கத்தில் திறப்பேன். அதுவரை இரண்டு பத்தி வரும்.

வகுப்பின் முதல் பயிற்சி, வேலை செய்யும் இடத்தில் உள்ள ஏதாவது ஒரு படிவத்தைத் தமிழாக்குவது. நான் அட்டெண்டர் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன். நோயாளியோடு கூட வருபவருக்குப் பாஸ் கொடுத்து எழுதிவைக்கும் நோட்டு அது. தலைப்புகளை இப்படிப் போட்டேன்: நோயாளி, துணை, உறவு, வந்த மணி, போன மணி. எங்கள் நிர்வாக அலுவலர் ஸ்ரீதர் சாருக்குப் பிடித்துப்போய் அப்படியே அச்சடித்துவிட்டார். இருநூறு பக்கம், கெட்டி அட்டை. எனக்குப் பெருமையாக இருந்தது.

செந்தமிழ்செல்வன் ஐயா ஒரு வாரம் கழித்துத்தான் என் தாளைத் திருத்தினார். "எல்லாம் சரிதாம்மா. இந்த 'மணி' மட்டும் இடிக்குது. வந்த மணி, போன மணின்னா யாரோ ஒரு ஆளு வந்துட்டுப் போன மாதிரி இருக்கு. 'நேரம்'னு போட்டுடு."

"அச்சடிச்சிட்டாங்க ஐயா."

"அப்ப மணின்னு ஒருத்தன் வராம பாத்துக்க," என்றார். வகுப்பே சிரித்தது.*

* இதை நான் கதைக்காகச் சேர்க்கவில்லை. நாட்குறிப்பில் ஆகஸ்ட் 28, வியாழன் பக்கத்தில் இருக்கிறது.

3

செப்டம்பர் 15, திங்கள். வரிசை வாசல் வரை நின்றது. என் மேசை உயரம். முன்னால் கண்ணாடி. எதிரே நிற்பவரின் நெஞ்சுக்கு மேலேதான் எனக்குத் தெரியும்.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர். பெயர் பொன்னுரங்கம். வயது 61, ஊர் நெல்லிக்குப்பம். டயாலிசிசுக்கு வந்திருந்தார். இனிமேல் வாரம் மூன்று நாள்.

"துணைக்கு யாரு வந்திருக்காங்க?"

"மணி வந்திருக்கான்."

"உங்களுக்கு இன்னா ஆவணும்?"

"புள்ள மாதிரிதாம்மா."

எழுதினேன். துணை: மணி. உறவு: மகன். வந்த மணி: 9.35. பாஸ் எண் 17-ஐக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன். அவர் எடுத்துக்கொண்டு குனிந்தார். தரையில் நகங்கள் தட்டுவது கேட்டது. ஏதோ ட்ராலி என்று நினைத்தேன்.

வாசலில் வாட்ச்மேன் சின்னையனின் குரல். "ஏம்மா இளமதி! நீ பாஸ் போட்ட மணிக்கு வால் இருக்கே, பாத்தியா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சின்னையன் விடவில்லை. "மகன்னு வேற எழுதினியாமே. அப்பா ஜாடைதான் ஜாஸ்தி!"

"எனக்குத் தெரியாது மச்சான்," என்றார் பொன்னுரங்கம். "மூக்கு என்ன மாதிரியா இருக்குன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

நான் எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள். ஒரு வால் நுனி. பழுப்பு நிறம். அவ்வளவுதான் நான் பார்த்தது. அதற்குப் பிறகும் எப்போதும் அவ்வளவுதான்.

பொன்னுரங்கம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். "அங்க சர்க்கரைகிட்ட நான் வேலை செஞ்சேன், இப்ப சர்க்கரை என்கிட்ட வேலை செய்யுது," என்பார். முதலில் கண்ணை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. மனைவி இல்லை. மகள் திருப்பூரில். மணி, கரும்பு வண்டிகள் நிற்கும் இடத்தில் குட்டியாகக் கிடைத்த நாய். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

4

மணி என்ன செய்யும் என்பதை எனக்குச் சொன்னவர் டயாலிசிஸ் அறையின் தலைமைச் செவிலியர் ஜெயராணி அக்கா.

பொன்னுரங்கத்துக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும், தெரிந்துவிடும். வருடக்கணக்காகிப்போனதால் அவர் உடம்பு அதை அறிவிப்பதில்லை. பேசிக்கொண்டே இருப்பார், அப்படியே மயங்கிவிடுவார். அதற்கு இருபது நிமிடம் முன்பே மணி கட்டிலின் காலைப் பிராண்டும். மூன்று தடவை, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தடவை. அக்கா சோதித்துப் பார்த்தார். நான்கு முறை பிராண்டியது, நான்கு முறையும் அளவு எழுபதுக்குக் கீழே.

"மிஷினுக்கு முன்னாடி அது சொல்லுதுடி," என்றார். "ஒம்போது கட்டில், ரெண்டே ரெண்டு ஸ்டாஃப். அது ஒண்ணு இருக்கறது எனக்கு இன்னொரு கை மாதிரி."

மூன்றாம் எண் கட்டிலுக்கு அடியில் பழைய போர்வை ஒன்றை மடித்துப் போட்டு வைத்தார். குளிப்பாட்டி அழைத்துவர வேண்டும், ஊசி போட்ட அட்டையைக் காட்ட வேண்டும் என்று பொன்னுரங்கத்திடம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். விதியாக ஒன்றும் இல்லை. எங்கள் மருத்துவமனையில் நாயை விடு என்றும் எழுதியிருக்கவில்லை, விடாதே என்றும் எழுதியிருக்கவில்லை.

[ஜெயராணி அக்கா மேல் எனக்கு ஒரு சந்தேகம். அவர் இல்லாமல் இந்தக் கதைக்குச் சாட்சி இல்லை. ஒரு கதையில் ஒரே ஒருவருக்கு மட்டும் எல்லாம் கேட்கிறது என்றால் நீங்கள் நம்புவீர்களா? நான் நம்பமாட்டேன். அவரை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அந்த வரைவில் பொன்னுரங்கம் முதல் வாரத்திலேயே இறந்துபோனார். அதனால் மறுபடி சேர்த்துக்கொண்டேன்.]

5

அக்டோபர் 8, புதன். நான்காம் எண் கட்டில்காரரின் உறவினர் ஒருவர் ஸ்ரீதர் சாரிடம் சத்தம் போட்டார். ஊசி ஏற்றும் அறையில் நாய் இருக்கலாமா? அவர் கேட்டதில் தவறில்லை. ஸ்ரீதர் சார் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் தமிழ் கிளாஸ் போறியே. ஒரு பக்கத்துல ரூல் எழுதிக் குடு. வெள்ளிக்கிழமையிலேருந்து ஒட்டிடலாம்."

வகுப்பில் அந்த வாரப் பயிற்சியும் அதுவேதான். வெளியூர் மருத்துவமனை ஒன்றின் சேவை விலங்கு விதிகளைத் தமிழாக்குவது. [தற்செயல். கதையில் வந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.] 'சேவை விலங்கு' என்று எழுதி அடித்தேன். 'உதவி விலங்கு' என்று எழுதி அடித்தேன். 'துணை விலங்கு' என்று எழுதியபோது சரியாக உட்கார்ந்தது. பதிவேட்டிலும் 'துணை' இருந்ததே. பிறகு நான்காவது விதியை எழுதினேன்.

4. பயிற்சிச் சான்று இல்லாத விலங்கு நோயாளியின் துணையாகக் கருதப்படாது. அது வளாகத்துக்கு வெளியே நிறுத்தப்படும்.

யாரும் கேட்காத விதி அது. குளிப்பாட்டல், தடுப்பூசி, வாய்ப்பூட்டு, எந்த அறைக்குள் விடலாம், எந்த அறைக்குள் கூடாது. அவை போதும். கையிலிருந்த பயிற்சித் தாளில் சான்று பற்றி ஒரு வரி இருந்தது. 'கருதப்படாது' என்ற சொல் கம்பீரமாக இருந்தது. சேர்த்தேன்.

6

அக்டோபர் 10, வெள்ளி. காலை 9.30. பொன்னுரங்கம் வந்தார். கை தானாக எழுதியது: துணை, மணி. உறவு, மகன். வந்த மணி, 9.30. பாஸ் 17-ஐத் தள்ளினேன். அவர் குனிந்து மணியின் கழுத்தில் மாட்டினார். அப்புறம்தான் நானே சுவரில் ஒட்டியிருந்த தாள் நினைவுக்கு வந்தது.

"ஐயா, இன்னையிலேருந்து ரூல் மாறிடுச்சி. மணி வெளிலதான் இருக்கணும்."

"யாரும்மா மாத்துனது?"

"ஆபீஸ்ல ஐயா."

"அப்ப எனக்கு எறங்குனா யாரு சொல்லுவாங்க?"

"சிஸ்டர் பாத்துக்குவாங்க ஐயா."

சின்னையன் மணியை இருசக்கர வாகனங்கள் நிற்கும் கொட்டகையில் கம்பத்தோடு கட்டினார். பாஸ் கழுத்திலேயே இருந்தது. பதிவேட்டில் எழுதியதை நான் அடிக்கவில்லை. அப்புறம் அடிக்கலாம் என்று விட்டேன். ஆகவே பதிவேட்டின்படி மணி உள்ளே இருந்தது.

மதியம் 1.50-க்குக் குரைக்கத் தொடங்கியது. கொட்டகைக்கும் டயாலிசிஸ் அறைக்கும் நடுவே இரண்டு சுவர், ஒரு மாடிப்படி. அது அதுவரை குரைத்ததே இல்லை என்று சின்னையன் சொல்கிறார். கம்பைத் தட்டி அதட்டினார். மக்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். நான் மேசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அர்த்தம் தெரியும். எழுந்து போய் அக்காவிடம் சொல்ல எனக்கு எத்தனை அடி ஆகும் என்று இன்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று.

2.10-க்குக் குரைப்பு நின்றது. அதே நிமிடம் உள்ளே ஜெயராணி அக்கா கத்தினார். பொன்னுரங்கத்துக்கு அளவு 31. நினைவில்லை. தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள்.

சத்தம் கேட்டு உள்ளே ஓடிய சின்னையன் திரும்பி வந்தபோது கொட்டகையில் கயிறு மட்டும் இருந்தது. கம்பத்தில் போட்ட முடிச்சு அப்படியே. கழுத்துப் பக்கத்து வளையமும் அவிழாமல், அறாமல், அப்படியே.

7

மறுநாள் சனிக்கிழமை காலை 8.40. பாஸ்களைத் திருப்பிப் போடும் தட்டில் 17 இருந்தது. அதன் நாடாவைப் பொன்னுரங்கம் மணியின் கழுத்துக்கு அளவாகச் சுருக்கி முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சு அவிழ்க்கப்படவில்லை. அந்த வளையத்துக்குள் என் கை நுழைந்தது, தலை நுழையாது. நாயின் தலையும் நுழையாது.

"நான் வைக்கல," என்றார் சின்னையன். "என் புள்ளைங்க மேல சத்தியம்." அவர் கேலி பேசவில்லை. கேமராவில் பார்த்தோம். கேமரா என் தலைக்கு மேலே இருக்கிறது. என்னைப் போலத்தான் அதற்கும், மேசைக்குக் கீழே எதுவும் தெரியாது.

அன்று மதியம் மூன்றாம் எண் கட்டிலில் தில்லையம்மாள் என்ற நோயாளி இருந்தார். செவ்வாய், வியாழன், சனி அவருடைய முறை. அவருக்கும் சர்க்கரை உண்டு, ஆனால் அதுவரை இறங்கியதில்லை. ஜெயராணி அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கட்டிலுக்கு அடியில பிராண்டுச்சிடி. மூணு தடவ. நிறுத்திச்சி. மறுபடி மூணு. குனிஞ்சி பாத்தேன், போர்வதான் இருக்கு. எனக்குக் கை கால் ஓடல. ஆனா பழக்கம் பாரு, மொதல்ல ஆயாவுக்கு விரல்ல குத்திட்டேன். அம்பத்தெட்டு."

"அக்கா, எலியா இருக்கும்."

"எலிக்கு எண்ணத் தெரியுமா?"

அன்று மாலை பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பக்கம் 112, வரிசை 6. வந்த மணி 9.30. போன மணி காலி.

8

இன்று காலை பத்து மணிக்கு ஸ்ரீதர் சார் பதிவேட்டோடு வந்தார். நாளை தர ஆய்வுக் குழு வருகிறது.

"இது இன்னா ஒரு வரி தொறந்தே கெடக்கு? பாஸ் திரும்பி வந்துடுச்சில்ல? போட்டு முடி."

"எத்தன மணிக்குப் போச்சின்னு தெரியாது சார்."

"நாய்க்கு நேரம் பாத்தா அனுப்புனோம்? எதையாவது போடும்மா. உள்ள போனது வெளில வரலன்னு இருந்தா கேள்வி கேப்பாங்க."

குரைப்பு நின்ற நேரத்தை எழுதினேன். பேனாவால்.

மதியம் 1.50-க்கு நான் டயாலிசிஸ் அறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மணி. ஒன்றும் இல்லை. 2.10-க்குத் தில்லையம்மாள் கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. அளவு 39. குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

ஜெயராணி அக்கா வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். "இன்னிக்கி அது சொல்லவே இல்லடி. ஏன்னு தெரியல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ எதையாச்சும் மாத்துனியா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். [இது இன்றைய இரண்டாவது தவறு. சிறியது இல்லை.]

மூன்றரைக்கு இரண்டாம் மாடிக்குப் போனேன். நேற்றுதான் பொன்னுரங்கத்தை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மகள் திருப்பூரிலிருந்து வந்து, மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"பாஸ் குடுக்கற பொண்ணுதான?"

"ஆமாங்க ஐயா."

"நாளைக்கி எனக்கு மூணாம் நம்பர் கட்டில்தான?"

"ஆமாங்க."

"அப்ப சரி. புள்ள கேக்கறா, மணி எங்கப்பா, மணி எங்கப்பான்னு. உள்ளதான் இருக்கான்னு சொன்னேன். சனிக்கெழம மத்தியானம் பிராண்டுனது எனக்கு மேல வரைக்கும் கேட்டுச்சி." சிரித்தார். "எனக்கு எறங்கறது எனக்குத் தெரியாதும்மா. அவனுக்குத்தான் தெரியும். அவன் இருக்கறவரைக்கும் பயம் இல்ல."

சனிக்கிழமை அவர் தீவிர சிகிச்சையில், நினைவில்லாமல் இருந்தார்.

9

முடிவுகள். பஸ்ஸில் எழுதிப் பார்த்தவை.

(அ) நாளை காலை மணி வாசலில் நிற்கிறது. கயிற்றிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிய சாதாரண நாய். சனிக்கிழமைச் சத்தம் எலி. எல்லோரும் சிரிக்கிறோம். [இதைத்தான் நான் விரும்புகிறேன். ஆகவே இதை எழுதும் உரிமை எனக்கு இல்லை.]

(ஆ) நெல்லிக்குப்பம் சாலையில், கரும்பு டிராக்டர்கள் போகும் வழியில், வெள்ளிக்கிழமையே அடிபட்டுக் கிடந்ததை யாரோ பார்த்திருக்கிறார். நேரம் கேட்டால் அவர் சொல்கிறார், இரண்டு

[நிறுத்திவிட்டேன். செம்மங்குப்பம். ஜன்னல் மூட வேண்டியிருந்தது. திறந்த பிறகு அந்த வரியை முடிக்கத் தோன்றவில்லை.]

(இ) ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை. ஜெயராணி அக்கா நாளை பொன்னுரங்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்ப்பார். மருத்துவமனை அப்படித்தான் ஓட வேண்டும். [சரி. ஒன்பது கட்டில். இரண்டு பேர்.]

இந்த மூன்றில் எது வேண்டுமோ அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. பதிவேட்டில் 'போன மணி'க்குக் கட்டம் இருக்கிறது. எங்கே போனது என்று எழுதக் கட்டம் இல்லை. நான் காலையில் எழுதி அனுப்பிவிட்டேன். அது எங்கே போயிருக்கும்?

10

மாலை 7.15. வகுப்பு. செந்தமிழ்செல்வன் ஐயா கரும்பலகையில் 'நோயாளியின் துணை' என்று எழுதி, உரிமையா சலுகையா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசை. பக்கத்து இருக்கை காலி. ஜன்னல் வழியாகக் கீழவீதிப் பக்கத்து வாகனச் சத்தம்.

என் நாற்காலியின் காலை ஏதோ பிராண்டியது. மூன்று தடவை.

நான் குனியவில்லை. கொஞ்ச நேரம் சென்று மறுபடி மூன்று.

"இன்னாம்மா இளமதி," என்றார் ஐயா. "கை ஏன் இப்படி நடுங்குது? சாப்ட்டியா இல்லியா?"

யோசித்தேன். காலையில் குடித்த காப்பிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. டம்ளர் விழுந்ததிலிருந்து சாப்பாடு ஞாபகமே வரவில்லை. நெற்றியில் வியர்த்திருந்தது. ஐயா சட்டைப்பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். தின்றேன். இரண்டாவதும் தின்றேன். நடுக்கம் நின்றது.

கீழே நகங்கள் தரையில் தட்டி, வட்டமாகத் திரும்பி, என் செருப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டன. நான் பார்க்கவில்லை. பார்த்தாலும் மேசைக்குக் கீழே எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அது என்னோடு இருந்து என்ன பயன். எனக்கு வியர்க்கும், நடுங்கும், தெரிந்துவிடும்.

நாளை, புதன், 15 அக்டோபர். ஆறரை பஸ்ஸில் போக வேண்டும். ஆய்வுக் குழு பத்து மணிக்கு. பொன்னுரங்கத்துக்கு ஒன்பதரை. அதற்கு முன்:

சுவரிலிருந்து தாளை எடுத்து, நான்காவது விதியை நீக்கித் தட்டச்சு செய்து, ஸ்ரீதர் சாரிடம் கையெழுத்துக் கேட்க வேண்டும். அவர் போடாவிட்டாலும் கேட்க வேண்டும். ஜெயராணி அக்காவிடம் மாற்றியது நான்தான் என்று சொல்ல வேண்டும்.

பதிவேடு, பக்கம் 112, வரிசை 6. 'போன மணி' கட்டத்தில் உள்ள 2.10-ஐ ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வேறு நேரம் எழுதக் கூடாது.